முப்பத்தோராம் நாளுக்கு முன்

சென்ற இதழில், உங்கள் தெருவை, தொழிலை, வீட்டைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

கேள்வி (பாலையூற்று): எனக்கு வயது 71. சீனக்குடா மாவாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். நான் பெரிய ஆள் ஒன்றும் இல்லையே டீச்சர், என் கதையை யார் வாசிப்பார்கள்?

பதில்: ஐயா, பெரிய ஆள் சின்ன ஆள் பாராமல் எல்லோருக்கும் ஒரு புத்தகம் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கையில் தருகிற நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டைத்தான் சொல்கிறேன். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச வழி, கடைசியில் நன்றி நவிலல். என் அலுமாரியில் அப்படி அறுபதுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றையும் நான் வீசியதில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று பார்க்க அதைவிட நல்ல ஏடு கிடையாது. ஆனால் வாழ்க்கை வரலாறு என்ற பக்கத்துக்கு வந்தால் அறுபது பேரும் ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். எல்லோரும் இன்முகம் கொண்டவர்கள், எல்லோரும் பிறர் துன்பம் பொறுக்காதவர்கள். செத்த வீட்டில், அச்சகத்துக்கு நேரமாகிறது என்று ஒரு மருமகன் அவசரத்தில் எழுதுவது வேறு எப்படி அமையும்?

என் அப்பாவின் கல்வெட்டை நான்தான் எழுதினேன். அவர் திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர். விடியப்புறம் கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இன்ன மீன் கிடக்கு என்பார். அநேகமாகச் சரியாக இருக்கும். கல்வெட்டில் 'கடின உழைப்பாளி' என்று எழுதினேன். எந்த நிறத்துக்கு எந்த மீன் என்று எழுதவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் ஒரு நாளாவது நான் கேட்கவில்லை. அது அப்பாவோடு போய்விட்டது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலையில் ஜப்பான் விமானங்கள் நம் திருகோணமலையில் குண்டு போட்டன. துறைமுகம், சீனக்குடா விமானத்தளம் எல்லாம் அடிபட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியின்மேல் விழுந்து, அது நாள் கணக்கில் எரிந்தது. இவ்வளவும் புத்தகங்களில் உண்டு. என் அம்மம்மா சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வருசப் பிறப்புக்கு இன்னும் நாலைந்து நாள்தான். பலகாரத்துக்கு அரிசி இடித்து, வறுத்து, அரித்துப் பெரிய பானையில் போட்டு வைத்திருக்கிறார். தம்பலகாமம் பக்கம் ஓடும்போது இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. மாப்பானையைத் தூக்க இன்னொரு கை இருக்கவில்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் மாவில் எண்ணெய்ப் புகை மணம். 'அந்த வருசம் எங்களுக்குப் பலகாரம் இல்லை' என்பார், எண்பது வயதிலும் அதே கவலையோடு. அந்தத் தாக்குதலில் மூழ்கிய கப்பல்களின் பெயர் எனக்கு அடிக்கடி மறந்துபோகும். அந்த மாப்பானை மறந்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் மாவாலையை எழுதுங்கள். முதல் நாள் போட்டுக்கொண்டு போன சட்டை, இரவு வேலை முடிந்து கண்ணாடி பார்த்தால் புருவத்தில் இருந்த மா, பஸ்ஸில் பக்கத்தில் நித்திரையாகி உங்கள் தோளில் சாய்ந்தவர், முதல் சம்பளத்தில் வாங்கிய சாமான், அதன் விலை, மெஷின் திடீரென்று நின்றால் காதில் விழும் அமைதி. ஒரு கொப்பி வாங்கி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் வாசகி நான். முடிந்த மட்டும் கொண்டுவந்து தாருங்கள், வாசித்துவிட்டுத் திருப்பித் தருவேன்.

கேள்வி (கிண்ணியா): என் வாப்பா பாலம் வரும்வரை, ஆட்களையும் பஸ்ஸையும் அக்கரை சேர்க்கிற மிதவையான 'பாதை'யில் வேலை செய்தவர். கதை கதையாகச் சொல்வார். எழுதச் சொன்னால் 'எனக்கு எழுத்து வராது மகள்' என்கிறார். போனில் பதியப் போனால் வாயே திறக்கிறார் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, மூன்று வருடம் நான் கிண்ணியாவில் படிப்பித்தவள். உங்கள் வாப்பா என்னையும் எத்தனையோ தரம் அக்கரை சேர்த்திருப்பார், அவருக்கு என் சலாமைச் சொல்லுங்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். இப்போது அந்தத் தண்ணீரை ஒரு கதை சொல்லி முடிக்குமுன் கடந்துவிடுகிறோம். இன்றைக்குப் பதினைந்து வயதான பிள்ளையிடம் பாதை என்று சொன்னால் ரோட்டைத்தான் நினைக்கும். அந்தச் சொல்லுக்கு நம் கரையில் இருந்த மற்றப் பொருளைக் கையால் தெரிந்தவர் உங்கள் வாப்பா.

'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் வாப்பா' என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்கும் மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி இருக்கும். கைக்கும் காலுக்கும் தெரிந்ததைக் கேளுங்கள். முதல் பாதை எத்தனை மணிக்கு? கயிறா, மோட்டரா, எது எப்போது மாறியது? உள்ளங்கையில் காய்ப்பு எந்த இடத்தில்? வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் எந்தப் பக்கம் கட்டினீர்கள்? பஸ் ஏறும்போது சனத்தை இறக்குவீர்களா? பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்ணை நடுச்சாமத்தில் ஏற்றியது உண்டா? ஜனாஸா வந்த நாளில் காசு வாங்கினீர்களா? நோன்பு திறக்கிற நேரம் நடுத்தண்ணீரில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இப்படி ஒன்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கும்போது அடுத்த கேள்வியைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வீட்டுக்குள் வைத்துக் கேட்பதைவிட, அஸர் தொழுகைக்குப் பிறகு பழைய துறையடிக்குக் கூட்டிப் போங்கள். போனை அவருக்குச் சொல்லிவிட்டே மடியில் வையுங்கள், களவாகப் பதிய வேண்டாம். தொடக்கத்தில் திகதி, இடம், அவருடைய பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். இருபது வருடம் கழித்துக் கேட்கிறவருக்கு அது வேண்டும்.

எழுதும்போது அவருடைய சொல்லைத் திருத்தாதீர்கள். நான் அந்தப் பிழையைச் செய்தவள். அப்பா சோளகம் என்று சொன்னதை ஒரு கட்டுரையில் தென்மேற்குப் பருவக்காற்று என்று மாற்றினேன். சோளகம் என்றால் அதில் வலை காய்வதும் கடல் இறுகுவதும் வீட்டில் காசு முடைப்படுவதும் எல்லாம் இருக்கும். பருவக்காற்றில் பாடப்புத்தகம் மட்டும்தான் மிஞ்சியது.

கேள்வி (மூதூர்): வரலாறு எழுதப் பட்டம் வேண்டாமா? நான் உயர்தரத்தோடு நிறுத்தியவன்.

பதில்: தம்பி, உங்கள் ஊர்க் கடற்கரையையே பாருங்கள். 1660 ஏப்ரலில் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபேட் நொக்ஸுக்கு வயது 19. ஆங்கிலேயக் கப்பலில் வந்த பையன். கூடப் பிடிபட்ட தகப்பன் அடுத்த வருடம் காய்ச்சலில் இறந்தார். மகன் கண்டி நாட்டில் பத்தொன்பது வருடம் கிடந்து, 1679இல் தப்பி, ஊர் திரும்புகிற கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது. எந்தப் பட்டமும் அவரிடம் இருக்கவில்லை. வயல் எப்படி உழுதார்கள், சோறு எப்படி ஆக்கினார்கள், எதை உடுத்தார்கள் என்று கண்டதை எழுதினார். இன்றைக்குப் பட்டம் பெற்றவர்கள் அவரைத்தான் தேடிப் போகிறார்கள்.

எனக்கு இதில் தீராத ஒரு மனக்குறை உண்டு. அந்த ஏப்ரல் மாதம் கொட்டியாரத்தில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒருவர், வயலில் நின்ற ஒருத்தி, அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து என்ன நினைத்தார்கள்? நம் பக்கத்திலிருந்து ஒரு வரியும் என் கைக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள் தம்பி.

கேள்வி (தம்பலகாமம்): எங்கள் கிராமத்துக் கதையை எழுதத் தொடங்கினேன். ஒரே சம்பவத்துக்கு மூன்று பேர் மூன்று ஆண்டு சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். 'புயலுக்கு முந்தியா, பிந்தியா?' என்று கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயல் ஒரு கல். கந்தளாய்க் குளம் உடைந்த 1986 ஏப்ரல் 20 இன்னொரு கல். அந்தக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற உங்கள் ஊரில் அந்த நாளை மறந்தவர் இருக்க மாட்டார். கடல் வந்த 2004 டிசம்பர் 26 மூன்றாவது. 'அப்ப என் மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான்' என்று ஒரு தாய் சொன்னால், மூத்தவனின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், ஆண்டு கையில் வந்துவிடும்.

பிறகு கடதாசிகளுக்குப் போங்கள். பள்ளிக்கூடச் சம்பவத்திரட்டு, கோயில் கணக்கு, பழைய கலியாணக் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காணி உறுதிகள். உறுதியில் காணிக்காரரைவிட எல்லைகளைக் கவனியுங்கள். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே வாய்க்கால், தெற்கே புளியமரம் என்று இருக்கும். ஊரே மறந்துபோன ஒரு விதவை, பக்கத்துக் காணியின் வடக்கு எல்லையாக அங்கே நிற்பார். அப்படி ஒருவரைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஊரில் கிடைப்பதை முடித்த பிறகு கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகலாம், அவசரமில்லை.

அவசரமானது வேறு. கோணேசர் கல்வெட்டு என்ற நம் பழைய நூலே கோயிலில் எந்தக் குடிக்கு எந்தத் தொழும்பு என்று வகுத்துச் சொல்கிறது. இன்றைக்கு உங்கள் ஆதிகோணநாயகர் கோயிலில் எந்தக் குடும்பம் எந்த வேலையைச் செய்கிறது, எது நின்றுபோனது என்று எழுதுங்கள். அதோடு களத்துப் பேச்சையும் பிடியுங்கள். மாடு விட்டுச் சூடு மிதித்த, அதாவது கதிரை மிதிக்க விட்டு நெல்லைப் பிரித்த காலத்தில், களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். களத்துக்கென்றே இருந்த அப்படியான சொற்களை மெஷின் வந்து வேலையில்லாமல் ஆக்கிவிட்டது. அவற்றைச் சொல்லிச் சூடு மிதித்த கிழவர்கள் உங்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். அடுத்த போகம் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி (சம்பூர்): 2006இல் சண்டை வந்தபோது உடுத்த உடுப்போடு ஓடினோம். படம், உறுதி, டயறி ஒன்றும் மிஞ்சவில்லை. எதை வைத்து எழுத? சில விஷயங்களை எழுதப் பயமாகவும் இருக்கிறது, அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். ஒரு பெரிய கடதாசியில் உங்கள் பழைய வளவைக் கீறுங்கள். படலை, கிணறு, துலா நின்ற பக்கம், மாட்டுக் கொட்டில், முருங்கை, உலக்கை சாத்தி வைத்த மூலை. உங்கள் தங்கச்சியையும் தனியாக ஒன்று கீறச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முருங்கை எந்தப் பக்கம் என்று நீங்கள் இருவரும் சண்டை பிடிக்கிற நேரம் நூறு விஷயம் வெளியே வரும், அதை எழுதுங்கள்.

பயமான விஷயங்களுக்கு வேறொரு கொப்பி வையுங்கள், அதை யாருக்கும் காட்டக் கட்டாயமில்லை. அதில் கண்ணால் கண்டதற்கு 'கண்டேன்', மற்றதற்கு 'கேள்விப்பட்டேன்' என்று பிரித்து எழுதுங்கள். இந்த இரண்டு சொல்லையும் கலக்காமல் இருந்தாலே உங்கள் எழுத்தை நம்பலாம். அடுத்த வீட்டுக்காரி மகனை இழந்த கதை அவவுடையது, அவ கேட்டுச் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். எழுதியதால் இரவில் நித்திரை கெட்டால் அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கிணற்றடியைப் பற்றி எழுதுங்கள். அதுவும் உங்கள் வரலாறுதான்.

கேள்வி (உவர்மலை): புத்தகமாகப் போட எவ்வளவு காசு முடியும்?

பதில்: இப்போது போட வேண்டாம். எழுதியதை மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அதில் ஒற்றைப் பிரதியாக இருந்தவை திரும்பி வரவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் நம்மவர்களின் ஏடுகளை எண்ணிமப்படுத்தி எல்லோரும் வாசிக்க வைக்கிறது, நினைவு மலர்கள் உட்பட. அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): எங்களை எழுதச் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதிவிட்டீர்களா டீச்சர்?

பதில்: எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டாவது கொப்பி. 1964 புயல் இரவில் வந்து நிற்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கிடுகுக் கூரை பறந்த பிறகு அப்பா வலைக்கயிற்றால் எங்கள் ஐந்து பேரையும் இடுப்பில் வரிசையாகக் கட்டி, முன்னுக்கு அவரும் பின்னுக்கு அம்மாவுமாக இருட்டில் நடத்திக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தது கோயில் மண்டபம் என்பது என் நினைவு. ஈரக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்தது இப்போதும் தெரிகிறது. அண்ணா அது பள்ளிக்கூடம் என்கிறார், கரும்பலகைக்குக் கீழே படுத்தோம் என்று சத்தியம் பண்ணுகிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரவு திருக்கடலூரில் இருந்து, கயிற்றில் கட்டிய ஐந்து பிள்ளைகள் நனைந்துகொண்டு உள்ளே வந்ததைப் பார்த்தவர் யாராவது இதை வாசித்தால், எந்தக் கட்டடம் என்று ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுங்கள்.