பயாப்சியில் ஸ்பைரோகீட்: உடனே மாத்திரை வேண்டுமா?

மூன்று மாத வயிற்றுப்போக்குக்குக் கொலோனோஸ்கோபி செய்தீர்கள். குடல் பார்க்க நன்றாக இருந்தது, பயாப்சியில் மட்டும் "ஸ்பைரோகீட்டோசிஸ்" என்று வந்திருக்கிறது, அதாவது ஸ்பைரோகீட் என்னும் சுருள் வடிவ பாக்டீரியா குடலில் ஒட்டியிருக்கிறது. முதலில் ஒன்று: இது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் அல்ல. அதன் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம்தான். பெருங்குடலில் இருப்பது பெரும்பாலும் பிராக்கிஸ்பைரா ஆல்போர்கி, சில சமயம் பிராக்கிஸ்பைரா பைலோசிகோலை. பின்னது பன்றி, கோழிகளிலும் உண்டு.

குடல் நன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கிருமிகள் மேற்பரப்புச் செல்களில் ஒரு முனையால் ஒட்டி நெருக்கமாக நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சாதாரணச் சாயத்தில் சுமார் 3 மைக்ரான் உயர நீலக் கரையாகத் தெரியும். சந்தேகமிருந்தால் வார்த்தின்-ஸ்டாரி வெள்ளிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான மலக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) இது வளராது. அது 'நெகட்டிவ்' என்பதை நம்பாதீர்கள்.

பலருக்கு இது எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். அதனால் பழியை இதன்மேல் போடுமுன் ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி), சீலியாக் (கோதுமைக் குளூட்டன் ஒவ்வாத நோய்), தைராய்டு கோளாறு, மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் (மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் குடல் அழற்சி) எல்லாவற்றையும் விலக்க வேண்டும். எச்ஐவி பரிசோதனையும் கேளுங்கள். பலர் கூச்சத்தில் தவிர்ப்பது இதைத்தான்.

வேறு காரணம் கிடைக்காவிட்டால் மருத்துவர் வழக்கமாகத் தருவது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, 500 மி.கி., நாளைக்கு 3 அல்லது 4 வேளை, 10 நாள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவரானால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் குறையும். மது கூடாது. பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

மாத்திரைக்குப் பின் பயாப்சி சுத்தமாகியும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தால், குற்றவாளி இது அல்ல. அதே மாத்திரையைத் திரும்ப விழுங்காமல் வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.