குன்னூர் வீடு: வாடகை கட்டுப்படியாகுமா?

கேள்வி: குன்னூரில் பத்திரச் செலவோடு 60 லட்சத்துக்கு ஒரு வீடு வருகிறது. மாதம் 18,000 வாடகை வருமாம். வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, ஆண்டுக்கு 2,16,000, அதாவது 3.6 சதவீதம். அது முழுசாகக் கைக்கு வராது. ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று வையுங்கள். அப்புறம் நம் மலையில் தென்மேற்கு மழை ஓய்ந்ததும் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். சுவரில் ஓதம், பெயின்ட், கூரை ஒழுகல், சொத்து வரி எல்லாவற்றுக்கும் 30,000 ஒதுக்குங்கள். மிஞ்சுவது 1,68,000, வெறும் 2.8 சதவீதம். வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு, சரி. ஆனால் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம். வட்டி இதைவிட மிக அதிகம். கையிலேயே பணம் இருந்தால், அடைமழையில் ஒருமுறை போய், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச்சுவரைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.