ஜவ்வு தெரிந்த பிள்ளைக்கு மெனிஸ்கஸ் புரியாதா?

வணக்கம் ஐயா. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மகளை பிசியோதெரபியில், அதாவது பி.பி.டி.யில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டே மாதத்தில் ஹாஸ்டலில் இருந்து போன் போட்டு, "அனாடமி வார்த்தை ஒண்ணுமே வாயில நுழையலப்பா, வீட்டுக்கே வந்துடறேன்" என்று அழுகிறாள். கட்டிய பீஸ் போனாலும் போகட்டும், வேறு டிகிரிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

அவள் பயப்படுவது இங்கிலீஷுக்கு. ஆனால் அவளை அழவைக்கும் வார்த்தைகளில் பெரும்பாலானவை இங்கிலீஷே அல்ல, லத்தீனும் கிரேக்கமும். பக்கத்து பெஞ்சில் கான்வென்ட்டில் படித்த பெண் உட்கார்ந்திருப்பாள். 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்று முதல் நாள் கேட்டபோது அவளும்தான் முழித்திருப்பாள். அதைப் பிரித்துப் பார்த்தால் ஸ்டெர்னம் நெஞ்செலும்பு, கிளைடோ காறையெலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் மேடு. முதல் இரண்டில் தொடங்கி மூன்றாவதில் போய் ஒட்டும் தசை என்று பெயரிலேயே விலாசம் எழுதியிருக்கிறது. கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் கயிறு மாதிரி புடைத்து நிற்குமே, அதுதான்.

இந்தப் பெயர்களை வைத்தவர்கள் நம்மைப் போலத்தான் யோசித்திருக்கிறார்கள். தசைக்கு லத்தீனில் 'மஸ்குலஸ்', அதாவது சுண்டெலி. தோலுக்கடியில் எலி ஓடுவது போல அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு அதே இடத்தில் மீன் தெரிந்ததால் கெண்டைக்கால் என்றோம். முழங்கால் சில்லு என்கிறோம், பாண்டி ஆடும் சில்லு போல இருப்பதால். பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளில் ஸ்கேபாய்டு படகு, லூனேட் பிறை, பிசிபார்ம் பட்டாணி, ஹேமேட் கொக்கி. இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டால் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

உடம்பில் 206 எலும்பு, 600க்கு மேல் தசை என்று கேட்டதும் மலைக்க வேண்டாம். அவற்றின் பெயர்கள் கட்டப்பட்டிருக்கும் செங்கற்கள் கொஞ்சம்தான். முன்கையில் ஒரு தசை, எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் லாங்கஸ். எக்ஸ்டென்சர் நீட்டுவது, கார்ப்பி மணிக்கட்டை, ரேடியாலிஸ் ரேடியஸ் எலும்புப் பக்கம் (கட்டைவிரல் பக்கம்), லாங்கஸ் நீளமானது. லாங்கஸை எடுத்துவிட்டு பிரெவிஸ் போட்டால் அதன் குட்டைத் தம்பி. ரேடியாலிஸுக்குப் பதில் அல்னாரிஸ் என்றால் சுண்டுவிரல் பக்கம். எக்ஸ்டென்சருக்குப் பதில் ஃபிளெக்சர் என்றால் மடக்குவது. ஒன்றைப் புரிந்துகொண்டால் ஐந்து தசை கையில். கார்ப்பி இருந்த இடத்தில் டிஜிட்டோரம் வந்தால் விரல்கள், பொல்லிசிஸ் வந்தால் கட்டைவிரல். வாய்ப்பாடு படித்த பிள்ளைக்கு இது முடியாதா?

நோய்ப் பெயர்களும் அப்படியே. ஆஸ்டியோ எலும்பு, ஆர்த்ரோ மூட்டு, காண்ட்ரோ குருத்தெலும்பு, மயோ தசை, ஸ்பாண்டிலோ முதுகெலும்புக் கண்ணி. வாலில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி, ஆல்ஜியா வந்தால் வலி, பிளாஸ்டி வந்தால் சீரமைப்பு, லிஸ்தெசிஸ் வந்தால் நழுவல். கழுத்து வலித்தாலே 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று ஊரில் சொல்வோம். வயதாகித் தேய்ந்தது என்றால் அது ஸ்பாண்டிலோசிஸ், கண்ணி இடம் நழுவினால் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ். வால் மாறினால் வைத்தியமே மாறும். ஆகவே வாலை விழுங்கிப் படிக்கக் கூடாது.

சிக்கல் இருக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கையை உடம்பை விட்டு விலக்குவது அப்டக்‌ஷன், உடம்போடு சேர்ப்பது அடக்‌ஷன். காதில் இரண்டும் ஒன்று போலவே விழும். அதனால்தான் வகுப்பில் 'ஏ-பி-டக்‌ஷன்', 'ஏ-டி-டக்‌ஷன்' என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள். இலியம் என்று இரண்டு உண்டு, ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று இடுப்பெலும்பின் மேல்பகுதி, மற்றது சிறுகுடலின் கடைசிப் பகுதி. தமிழ் வழிப் பிள்ளைகள் மார்க் விடுவது பெரும்பாலும் ஸ்பெல்லிங்கில்தான், புரியாமல் அல்ல. தினமும் மூன்று வேர்ச்சொல், பக்கத்தில் தமிழ்ப் பொருள், இருபது தடவை கையால் எழுதட்டும். மூன்று வாரத்தில் அறுபது தாண்டும். பால்பாயிண்ட் பேனாவால் தன் முன்கையிலேயே தசையை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், ரூம்மேட் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம், தமிழ் அவளுக்குச் சுமை என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். போன வருஷம் என் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 'மீடியல் மெனிஸ்கஸ் போஸ்டீரியர் ஹார்ன் டியர்' என்று ரிப்போர்ட். பார்த்தவர் அதை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிசியோதெரபி அறையில் இருந்த பெண்தான் என் முட்டியைத் தொட்டுக் காட்டி, "சார், ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ஒரு ஜவ்வு மெத்தை இருக்கு. உள்பக்கம் இருக்கறதுல பின்னாடி முனை கிழிஞ்சிருக்கு" என்றார். மெனிஸ்கஸ் என்ற சொல்லுக்கே சின்னப் பிறை என்றுதான் பொருள் என்பது பிறகு தெரிந்தது.

நோயாளி வந்து 'ஜவ்வு' என்று சொன்னால் அது எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்டாகவும் இருக்கலாம், மெனிஸ்கஸாகவும் இருக்கலாம், முதுகில் டிஸ்க்காகவும் இருக்கலாம். 'எலும்புத் தேய்மானம்' என்றால் குருத்தெலும்பு தேயும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸா, எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸா? இதைக் கேட்டுப் பிரிக்க இரண்டு பக்கச் சொல்லும் தெரிந்த ஆள் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே போகிறது. அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அப்டக்‌ஷன் என்று பேச முடியாது.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. பட்டம் முடித்தபின் நோயாளி வேலை பிடிக்காமல் போனாலும் இந்தச் சொற்கள் வீணாகாது. சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் வலது முழங்கால் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸுக்கு எம்17.11, இடதுக்கு எம்17.12 என்று அமெரிக்க ரிப்போர்ட்டைப் படித்துக் குறியீடு போடுவதற்கும் இதே வேர்ச்சொற்கள்தான்.

மற்றவர் உடம்பைத் தொட்டுப் பயிற்சி கொடுக்கவே அவளுக்குக் கூச்சம், அது போகவே இல்லை என்றால் சொல்லுங்கள். படிப்பை மாற்றுவது பற்றி அப்போது பேசுவோம். முதல் இன்டர்னலில் மார்க் குறைவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ராத்திரி போனில் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். தறியில் உட்கார்ந்து உங்களுக்குத் தோள்பட்டை வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேளுங்கள். எந்த எலும்பு, எந்தத் தசை, கையைத் தூக்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது என்று. பாதி லத்தீனில் சொல்வாள். "எனக்கு விளங்கலையே, தமிழ்ல சொல்லு" என்று மறுபடி கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.