மைதானம் கேள்வி - பதில்: கோல் போஸ்ட் முன்னால் மட்டும் ஏன் மொட்டை?

(நகராட்சி மைதானப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் ஊர் மைதானத்தில் கோல் போஸ்ட் முன்னால் இரண்டு தடவை புல் நட்டோம். இரண்டு தடவையும் ஒரே மாதத்தில் போய்விட்டது. புல் சரியில்லையா, உரம் போதவில்லையா?
- உடற்கல்வி ஆசிரியர், கரூர் மாவட்டம்

புல்லும் உரமும் இருக்கட்டும் சார். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், முந்தின நாள் நனைத்த மண்ணில் குத்திப் பாருங்கள். யாரும் கால் வைக்காத மூலையில் கைப்பிடி வரை இறங்கும். கோல் முன்னால் இரண்டு விரற்கடை இறங்கினாலே அதிகம். ஸ்க்ரூடிரைவர் போகாத மண்ணில் வேர் எப்படிப் போகும்? மிதிபட்டு மிதிபட்டு மண்ணுக்குள் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழியில்லாமல் போயிருக்கிறது. நீங்கள் நட்டது தரையில் இல்லை, திண்ணையில்.

இந்தப் பாடத்தை நான் கற்றதே ஒரு தப்புக்குப் பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுதந்திர தின அணிவகுப்புக்கு முந்தின நாள் நல்ல மழை. தரை மேடு பள்ளமாகத் தெரிகிறது என்று மேலிடத்தில் சொல்ல, ஈர மண்ணில் ரோலரை நாலு சுற்று ஓட்டினேன். மறுநாள் மைதானம் மேஜை மாதிரி இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். புரட்டாசி வரைக்கும் அங்கே புல் தலை தூக்கவில்லை. கிரிக்கெட் பிட்ச்சுக்கு ரோலர் வேண்டும். கால்பந்து ஆடும் இடத்துக்கு அது எமன்.

மொட்டை இடத்தை அரையடி ஆழம் கொத்திப் புரட்டுங்கள். மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலங்கள். களிமண்ணாக இருந்தால் நாலு சட்டி மணலைக் கலந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். சமப்படுத்தி, தண்ணீர் விட்டு மண்ணை அடங்க விடுங்கள். காசு கொடுத்துப் புல் வாங்க வேண்டாம். மைதானத்து மூலையில் தானாகப் படர்ந்திருக்கிற அருகு போதும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள், நுனி வெளியே, நாலு விரல் இடைவெளியில் நடுங்கள். ஆடியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் பிடித்துவிடும்.

அப்புறம் எட்டு வாரம் யாரும் மிதிக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். கயிறு கட்டினேன், தாண்டினார்கள். பலகை வைத்தேன், அதையே ஸ்டம்ப் ஆக்கினார்கள். அடுத்த வருடம் அந்தப் பையன்களையே கூப்பிட்டு நடச் சொன்னேன். "அண்ணே, அது நான் நட்ட வரிசை, அவன மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று ஒருத்தன் புகார் கொண்டுவந்தான். பயிற்சிக்கு மட்டும் நகர்த்தக்கூடிய போஸ்ட் இருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். பாதி நோய் அதிலேயே குறையும்.

தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் ஹோஸ் பிடிக்கிறார்கள். ஆனாலும் சித்திரையில் புல் பழுப்பாகிவிடுகிறது. ஏன்?
- காலை நடைப்பயிற்சி வாசகி, திண்டுக்கல்

ஒரு கணக்குப் போடுவோம் அம்மா. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள கால்பந்து ஆடுகளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1,80,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் பதினைந்து நடை. ஹோஸில் கால் மணி நேரம் என்பது அதற்கு முன்னால் வாய் கொப்பளிக்கிற மாதிரி. மேல் மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே நின்றுவிடுகிறது, வெயில் வந்ததும் சுருண்டுவிடுகிறது. சாயங்காலம் நனைத்தால் இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்து பூஞ்சை வேறு வரும்.

வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலையில், நாலு விரல் ஆழம் ஊறும்வரை விடச் சொல்லுங்கள். தண்ணீர் போதாதா? கோல் முன்பகுதிக்கும் நடுவட்டத்துக்கும் மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காய விடுங்கள். அருகு சாகாது. மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு கிடக்கும், நல்ல மழை ஒன்று விழுந்தால் பச்சை திரும்பிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கோடையில் ஒட்ட வெட்டக் கூடாது. எப்போது வெட்டினாலும் புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

விம்பிள்டன் புல்லை நம்மூரில் வளர்க்க முடியாதா?
- கல்லூரி மாணவர், மதுரை

அது ரை புல். 2001-லிருந்து அங்கே அது மட்டும்தான், 8 மில்லிமீட்டரில் வெட்டுகிறார்கள். குளிர் நாட்டுப் பயிர் தம்பி, மதுரை வெயிலில் பங்குனி தாண்டாது.

கோடு போடச் சுண்ணாம்பா, பிளீச்சிங் பவுடரா?
- விளையாட்டு மன்றச் செயலாளர், தேனி

இரண்டும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் புல்லைக் கருக்கும். சுண்ணாம்பு புல்லோடு விழுகிற பையன் கண்ணையும் எரிக்கும். வெள்ளை எமல்ஷனில் தண்ணீர் கலந்து அடியுங்கள்.

எங்கள் மைதானத்தை இருபது நாள் பொருட்காட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிந்த பிறகு முதலில் என்ன செய்வது?
- கால்பந்துக் குழுத் தலைவர், தஞ்சாவூர் மாவட்டம்

முதலில் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதுகூடப் போதும், நாலைந்தைக் கட்டையில் கட்டி வரிசையாக இழுங்கள். ஒரு தடவை எங்களுக்கு ஒரு பெயிண்ட் டப்பா நிறைய பந்தல் ஆணி கிடைத்தது. அடுத்தது கம்பம் நட்ட குழிகள். அவசரத்தில் கல்லையும் தெர்மாகோலையும் போட்டு மேலே மண் தூவியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தோண்டிக் காலி செய்து, நல்ல மண்ணைக் குத்திக் குத்தி நிரப்புங்கள். ஒரு வாரத்தில் மறுபடி அமுங்கும், மறுபடி நிரப்புங்கள். லாரி நின்ற தடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், இறங்காத இடத்துக்கு மேலே சொன்ன கொத்திப் புரட்டும் வைத்தியம்தான். அடுத்த தடவை வாடகையோடு சீரமைப்புக்கு முன்பணமும் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மைதானம் ஈரமாக இருக்கும் நாளில் லாரி உள்ளே வரக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.