மூன்று மாவட்டம், ஒரே மாடிப்படி

கடிதம்:

வணக்கம் சார். எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா தவறி நான்கு மாதம் ஆகிறது. அவர் பரணில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளைப் போன வாரம் இறக்கினேன். பாதிக்கு மேல் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அந்த வாரப் பத்திரிகைதான், பெயரைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். நீங்கள் இளவயதில் அங்கே புரூஃப் பார்த்ததாக (அச்சுப்பிழை திருத்தியதாக) ஒருமுறை எழுதியிருந்தீர்கள். புரட்டிப் பார்த்தால் பத்து வருடத்துக்கு ஒருமுறை வேறு வேறு பத்திரிகை மாதிரி இருக்கிறது. முதலில் தலையங்கம், அப்புறம் கட்சிச் செய்தி, அப்புறம் பக்கம் பக்கமாக லாட்டரி எண்கள், கடைசியில் வீட்டுமனை விளம்பரம். ஐந்து முதலாளி மாறினார்கள் என்று அப்பா சொல்வார். யார், எப்போது என்று எழுதி வைக்க ஆசை. எங்கே தேடுவது? முதல் முதலாளியோடு அந்தப் பத்திரிகை செத்துப்போய்விட்டது, பிறகு வந்ததெல்லாம் பெயர் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா? வீட்டில் எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் சார்)

பதில்:

தம்பி,

கட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

முதலாளிகள் பட்டியலுக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், அது உங்கள் வீட்டுக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்து முதல் இதழை மட்டும் தனியாக உருவி எடுங்கள். உள்பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில், பூதக்கண்ணாடி கேட்கிற அளவுக்குச் சின்ன எழுத்தில் 'படிவம் 4' என்று ஒரு கட்டம் இருக்கும். பிப்ரவரி முடிந்து வருகிற முதல் இதழில், இந்தப் பத்திரிகை யாருடையது என்று சொல்லியாக வேண்டியிருந்தது, 1956இல் வந்த விதி அது. வெளியாகும் இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், கடைசியில் உரிமையாளர். கூட்டு என்றால் மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வைத்திருக்கும் எல்லோர் பெயரும் வர வேண்டியிருந்தது. கீழே 'நான் அறிந்தவரை உண்மை' என்று வெளியிடுபவர் கையெழுத்து. வாசகர் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. புரூஃப் பார்த்த நானே படித்ததில்லை. போன வருடம் கோர்த்த ஈய எழுத்துகளைப் பிரிக்காமல் நூல் கட்டி அலமாரிக்கு மேலே வைத்திருப்பார்கள், மார்ச் வந்தால் தூசி தட்டி, தேதியை மட்டும் மாற்றி அப்படியே ஏற்றிவிடுவார்கள். அந்த நூலை அவிழ்க்கிறார்கள் என்றால் முதலாளி மாறிவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் படிவத்தில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். பத்திரிகையை மனைவி பேரிலும் மச்சான் பேரிலும் பதிவது நம் பக்கம் லாரியை மனைவி பேரில் எடுப்பது மாதிரித்தான். கல்லாவில் யார் உட்கார்ந்தார் என்று தெரிய வேண்டுமானால் அதே இதழின் கடைசிப் பக்க விளம்பரத்தைப் பாருங்கள். யார் படம் மூன்று வாரம் தொடர்ந்து பெரிதாக வருகிறதோ, அவர்தான்.

அடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி ஓடும், 'இன்னாருக்காக இன்னாரால் இந்த அச்சகத்தில் அச்சிடப்பட்டு' என்று. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் கட்டுக்குள் 1965க்கு முந்தைய இதழ் இருந்தால் 'சேலம் மாவட்டம்' என்று போட்டிருக்கும். அந்த வருடம் அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானதும் அது 'தருமபுரி மாவட்டம்' ஆனது, 2004 பிப்ரவரி 9க்குப் பிறகு 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. மூன்று மாவட்டத்திலும் அலுவலகம் கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் ஒரே மாடியில்தான். கீழே பிரஸ், மேலே ஆபீஸ், ஏறும்போது நான்காவது படி ஆடும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படியில் ஒரு தடவை சுவரைப் பிடிப்பார்கள். பத்திரிகை தொடங்கும்போது இது என்னுடையது என்று டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும், உரிமையாளர் மாறினால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பது 1867ஆம் வருடத்துச் சட்டம். அதற்கு ஒருவர் சேலத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறார், இன்னொருவர் தருமபுரிக்கு, கடைசியில் வந்தவருக்கு ஊருக்குள்ளேயே கலெக்டர் ஆபீஸ். இப்போது அதுவும் இல்லை. 2024 மார்ச் முதல் பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாம் இணையத்தில்தான்.

முதல் முதலாளி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அவரைக் கொஞ்சம் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்த மனிதர் வேறு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர் அவர். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் கல்யாணம் கிடையாது, டிரெடில் என்கிற மிதி அச்சு இயந்திரம் சும்மா நிற்கும், ஆளுக்குச் சம்பளம் மட்டும் நிற்காது. அந்த இரண்டு மாதச் சும்மாவை ஓட்டத்தான் பத்திரிகை ஆரம்பித்தேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதனால் அவர் எழுதியது மட்டம் என்று சொல்லவில்லை. அணையிலிருந்து இடது வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவீர்கள் என்று வாரா வாரம் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதினாரே, அந்தத் தலையங்கங்களைத் தேடிப் படியுங்கள், அலங்காரமே இருக்காது, கடன்காரன் வாசலில் வந்து நின்று கேட்பது மாதிரி இருக்கும். ஆனால் பிரஸ் இருந்தது, அதனால் பத்திரிகை வந்தது. கொள்கை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் அங்கே போனது எழுபதுகளின் கடைசியில். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் லை, னை, ணை, ளை எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கிய மாதிரி இருக்கும், ணா, றா, னா மூன்றும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஈய அச்சு, கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் தனி அறை. எழுத்து கோர்க்கிற எங்கள் கம்பாசிடர் பெரியவர் அந்த அறைகளைப் பார்க்காமலே கைவிட்டு எடுப்பார். ஆணை வந்ததும் முதலாளி 'நாமும் மாறிவிடலாம்' என்றார். புது எழுத்து வாங்கச் செலவே இல்லை, பழையதை ஒதுக்கிவிட்டு இருப்பதை வைத்தே கோர்க்கலாம் என்பது அவர் கணக்கு. முதல் வாரமே மாட்டிக்கொண்டோம். கை, தை, வை என்று எழுதுவதற்கு அளவாக வாங்கி வைத்திருந்த ஐகாரக் குறி, இப்போது தலை, மலை, விலை, நிலை எல்லாவற்றுக்கும் வேண்டியிருந்தது. இரண்டாம் பக்கம் பாதியில் தீர்ந்துவிட்டது. பெரியவர் எழுத்து கோர்க்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பாராவுல 'வேலை'ய எடுத்துட்டு வேற ஏதாச்சும் போடு" என்றார். 'பணி' என்று போட்டேன். அந்த வருடங்களின் இதழ்களில் ஒரே பத்தியில் பழைய லையும் புது லையும் கலந்து வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள், சரக்கு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புத் தாள் கிழிந்துபோய்த் தேதி தெரியாத இதழ்களையும் இதை வைத்து ஏறக்குறைய அடுக்கிவிடலாம்.

இரண்டாவது முதலாளி கட்சிக்காரர். தேர்தலுக்கு வாங்கினார், தோற்றதும் விற்றார், அதில் எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாவது ஆள் லாட்டரி ஏஜென்ட். அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் கொஞ்சம் இளக்காரம் தெரிகிறது. உண்மையைச் சொல்லட்டுமா? பத்திரிகை கையைக் கடிக்காமல் ஓடியது அவர் காலத்தில் மட்டும்தான். குலுக்கல் முடிவு பார்க்க டீக்கடையில் நாலு பேர் ஒரு தாளைப் பிடித்து நிற்பார்கள். எண் விழவில்லை என்றால், கையில் இருக்கிற தாள்தானே என்று மறுபக்கச் செய்தியையும் படிப்பார்கள். ஊரில் சாக்கடை அடைத்த செய்தியை அதிகம் பேர் படித்தது அப்போதுதான். 2003 ஜனவரியில் அரசு லாட்டரியைத் தடை செய்தது. நல்லதுதான், எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் நம் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நாலு பக்கமானது அந்த மாதம்தான். பிறகு ஓசூர் ரோட்டில் மனை போட்டவர் வாங்கினார். அவருக்குச் செய்தி என்பது இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் விடுகிற இடைவெளி. இப்போது நடத்துகிறவர் ஐந்தாவது. சில நூறு பிரதி அடித்துவிட்டு மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

செத்துவிட்டது என்கிறீர்கள். கை மாறினால் பத்திரிகை சாகும் என்றால் தமிழ்நாட்டில் எதுவுமே மிஞ்சாது. ஜி. சுப்பிரமணிய ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1878இல் 'இந்து' ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கிய இளைஞர்களில் முக்கியமானவர், 1898இல் அதை விட்டு வெளியே வந்தார். 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய இன்னொன்றான சுதேசமித்திரனும் 1915இல் அ. ரங்கசாமி ஐயங்கார் கைக்குப் போனது. 1934இல் சதானந்த் தொடங்கிய தினமணி சீக்கிரமே இந்தியன் எக்ஸ்பிரஸ் கோயங்காவிடம் போயிற்று. 1977இல் கே.பி. கந்தசாமி தொடங்கிய தினகரனை 2005இல் சன் குழுமம் வாங்கியது. இதில் எது நல்லதுக்கு, எது கெட்டதுக்கு என்று நீங்களும் நானும் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம். ஆனால் யாரும் கருமாதி பண்ணவில்லை.

நம் பத்திரிகைக்கு வந்தால், எனக்கு ஒரு சின்ன அடையாளம் போதும். முதல் பக்கத் தலைப்பு ஒரு பிளாக், பத்திரிகைப் பெயர் முழுவதும் ஒரே துண்டாக இருக்கும் அச்சுக்கட்டை. எனக்கு முந்தைய காலத்தில் யாரோ அதைக் கீழே போட்டு, இரண்டாவது எழுத்தின் அடியில் எறும்பு கடித்த அளவு ஒரு வெட்டு விழுந்துவிட்டது. புது பிளாக் செய்யக் காசு செலவழிக்க எந்த முதலாளிக்கும் மனசு வரவில்லை, டிரெடிலோடும் கேஸ்களோடும் சேர்த்து அதையும் ஒவ்வொருவராக விற்றார்கள். ஈய எழுத்து போய் ஆஃப்செட் அச்சு வந்தபோது பழைய இதழ் ஒன்றைப் படம் பிடித்துத் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். போன வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெட்டு அங்கேயே இருக்கிறது. அது அதே பத்திரிகைதானா என்று கேட்டால் நான் ஆமாம் என்பேன். நீங்கள் இல்லை என்றால், சரி, உங்கள் கட்டு, உங்கள் கருத்து.

வேலை இதுதான். மார்ச் இதழ்களை வரிசையாக வையுங்கள், படிவம் 4ஐப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், கல்லாவில் இருந்தவர்களை நான் சொல்கிறேன். கட்டுகளை இனி நூலால் இறுக்க வேண்டாம், ஓரம் அறுத்துவிடும், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். வீட்டில் இன்னும் சத்தம் போட்டால், பழைய பேப்பர் கடையில் கிலோ என்ன விலை என்று விசாரித்து வையுங்கள். அதற்கு மேலே ஐந்து ரூபாய் சேர்த்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.