கண்ணாடி போடுபவருக்கு 4,000 ரூபாய்க்குள் ஹெட்போன்

கண்ணாடி போடுவதால் ஹெட்போன் மாட்டிய ஒரு மணி நேரத்தில் காது வலிக்கிறது, கீழக்கரைப் புழுக்கத்தில் வியர்த்து ஊற்றுகிறது, 4,000 ரூபாய்க்கு மேல் முடியாது என்கிறீர்கள். சரி. காதின் மேல் உட்காரும் வகையை விட்டுவிடுங்கள். அது காதுமடலைக் கண்ணாடிக் கம்பியோடு சேர்த்து அழுத்தும். காதை முழுசாகச் சுற்றி மூடுவதுதான் உங்களுக்கு. ஆனால் ரெக்சின் மெத்தை வேண்டாம். நம் ஊர் வியர்வைக்கு அது கருப்புப் பொருக்காக உரிந்து கன்னமெல்லாம் ஒட்டும். துணி மெத்தை, அதுவும் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். வயர் வைத்ததை நேராகப் போனில் செருகுவதென்றால் அதன் மின்தடை 32 ஓம் போல இருக்கட்டும். 250 ஓம் மாடலுக்குத் சத்தத்தைக் கூட்டும் தனி ஆம்ப் இல்லாமல் சத்தம் போதாது. இந்த விலையில் வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்குக்கு ஆசைப்படாதீர்கள், அந்தக் காசு உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவருக்குப் போகட்டும். அப்புறம், ராமநாதபுரம் போனால் கடையில் கண்ணாடியோடு பத்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.