போலீஸ் ஏன் கதவை உடைக்கவில்லை?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மகளிர் காவல் ஆய்வாளர் பதில் அளிக்கிறார்)

கேள்வி: எதிர்வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து, மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார். சிலிண்டரைத் திறந்து கொளுத்திவிடுவேன் என்று கத்தினார். 112-க்கு நான்தான் போன் செய்தேன். வந்த போலீஸார் கதவை உடைக்காமல் ஒன்றரை மணி நேரம் ஜன்னலோரம் நின்று பேசினார்கள். கடைசியில் அவரே திறந்தார். “குடும்பச் சண்டை, சமாதானமாப் போங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இது சரியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பெரிய தவறு.

உள்ளே அடி விழும் சத்தமோ அலறலோ கேட்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆள் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், நேரம் போகப் போக நமக்குத்தான் லாபம். போதை இறங்கும், ஆத்திரம் தணியும்.

சிலிண்டர் என்று காதில் விழுந்தாலே காலிங்பெல்லைத் தொடக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். கதவுக்கு நேராக நிற்காமல் சுவரோரம் நிற்போம். பேசுவது ஒரே ஒருவர். ஆளின் அம்மாவையோ மாமனாரையோ கூட்டிவந்து பேசவைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல வீடுகளில் சண்டையே அவர்களை வைத்துத்தான். புத்திமதியும் சொல்ல மாட்டேன். “பாப்பா சாப்பிட்டுச்சா? பால் வாங்கித் தரட்டுமா?” என்று கேட்பேன். பால் பாக்கெட்டை வாங்க ஜன்னலுக்கு வரும்போது கையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், குழந்தையின் முகத்தையும் பார்த்துவிடலாம்.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் இதில் சேர்த்திதான். 2020 ஜனவரி 30 அன்று உத்தரப் பிரதேசம் ஃபரூக்காபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மகளின் பிறந்தநாள் என்று ஊர்ப் பிள்ளைகளை அழைத்து, இருபதுக்கும் மேற்பட்டவர்களை ஒருவன் வீட்டுக்குள் அடைத்துவிட்டான். பல மணி நேரம் கழித்து போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். ஆனால் அவன் மனைவி ஊர்க்கூட்டத்திடம் சிக்கி, அடி தாங்காமல் இறந்துபோனாள். அந்தச் சாவை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். கதவு திறந்ததும் இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, கணவரின் காதில் விழாத இடத்தில் அந்தப் பெண்ணிடம் விசாரித்திருக்க வேண்டும். அடுப்படியில் வைத்து விசாரிக்கவே கூடாது; கத்தியும் அரிவாள்மனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், இலவசச் சட்ட உதவி உண்டு, இதற்கென்றே அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்றெல்லாம் அவரிடம் சொல்வது போலீஸின் கடமை. பூட்டி வைப்பதும் கொளுத்துவேன் என்பதும் குற்றம், சமாதானம் பேசிக் கலைகிற விஷயமல்ல. 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ‘புருஷன் பொண்டாட்டி சண்டை’ என்று கைகழுவுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

அந்தப் பெண் மகளிர் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கட்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். தனியாகப் போகத் தயங்கினால் 181 மகளிர் உதவி எண்ணில் பேசச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே துணைக்குப் போங்கள்.

கேள்வி: போன் செய்தது நான் என்று தெரிந்தால் வம்புக்கு வருவாரே? (அதே வாசகி)

பதில்: பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறை நடப்பதாகப் பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் வரும்போது நீங்கள் வாசலில் நிற்கத் தேவையில்லை. எந்த மாடி, பின்கதவு உண்டா, உள்ளே எத்தனை பேர், குழந்தை இருக்கிறதா என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.